வாக்குமூலத்துக்கு ஒத்திகை

"முதல்ல அந்த 'எஸ் சாரை' விட்டுத் தொலைங்கண்ணே. நாளைக்கு உங்களை உள்ள தள்ளப் போறதே அந்த ரெண்டு வார்த்தைதான்."

சொல்லிவிட்டு அம்சவல்லி அடுப்பிலிருந்து தேநீரை இறக்கினாள். எதிரே முக்காலியில் சிவசாமி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்தெட்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம். இந்த நேரம் பார்த்தா அவர் பொறுப்பில் இருந்த ஸ்டோரில் மரம் அறுக்கும் மெஷின் இரண்டு காணாமல் போக வேண்டும்? நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. அதற்கென்றே குவாந்தானிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் மலையேறி வருகிறார்.

அந்த எஸ்டேட்டில் யாருக்குப் போலீஸ் தொல்லை வந்தாலும் அம்சவல்லி வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பகலெல்லாம் தேயிலை வெட்டுவாள், சாயங்காலம் சட்டம் பேசுவாள். எல்லாம் ஈப்போ லாயரம்மா ஒருத்தர் சொல்லிக்கொடுத்தது. சிவசாமியும் வந்தார். முன்வாசல் வழியாக வர வெட்கம், சமையல்கட்டுக் கதவு வழியாக வந்தார்.

"மெஷினை நீங்க எடுத்தீங்களா?"

"எங்கம்மா மேல சத்தியமா இல்ல, தங்கச்சி. சாவி என்கிட்ட இருந்துச்சு, அவ்ளோதான்."

"தங்கச்சியா? பரவால்லையே. இன்னிக்குத்தான் அந்த வார்த்தை வாயில வருது."

சிவசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, இப்ப நான்தான் அந்த அதிகாரி." அம்சவல்லி கால் மேல் கால் போட்டாள். மேசையை ஓங்கி ஒரு தட்டு. "பிடிச்சு வச்சிருந்த மெஷினை யாருக்குய்யா வித்தே?"

"எஸ் சார்." சிவசாமி எழுந்தே நின்றுவிட்டார்.

"போச்சு. வித்ததா ஒத்துக்கிட்டீங்க. உக்காருங்க. காலையில வேலைக்கு வரிசையா நின்னு, கணக்கெழுதுற கிராணி என்ன கேட்டாலும் ஆமாங்க ஆமாங்கன்னு சொல்லி, எங்களுக்குத்தான் இந்த வியாதின்னு நெனைச்சேன்."

"மேசையை அப்படியே தட்டுறியேம்மா."

"பாத்திருக்கேன்ல. சரி, நாளைக்கு உள்ள போனதும் மொதல்ல என்ன கேப்பீங்க?"

"தண்ணி."

அம்சவல்லி சிரித்துவிட்டாள். "அதையும் கேளுங்க. ஆனா அதுக்கு முன்னாடி, 'என்னை அரெஸ்ட் பண்றீங்களா, இல்லையா?'ன்னு கேளுங்க. பண்ணினா ஏன்னு காரணம் சொல்லணும். வீட்டுக்கும் லாயருக்கும் போன் பண்ண விடணும். உங்களையே மாட்டி வைக்கிற மாதிரி கேள்வி வந்தா, பதில் சொல்ல மாட்டேன்னு சொல்லலாம். எழுதினதைப் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடவே கூடாது."

"இப்படியெல்லாம் பேசினா அவங்களுக்குக் கோவம் வரும்."

"வரட்டும்லா."

"வரும்மா. எனக்குத் தெரியும்."

"நீங்க குரலை ஒசத்தாம, மரியாதையா கேளுங்க. கோவம் அவங்க பாடு."

"இல்ல, லாயர் வேணும்னு கேக்குறவன்தான் தப்புப் பண்ணினவன்னு..."

"யார் சொன்னது?"

சிவசாமி தேநீரை ஊதினார். ஆறிப் போன பிறகும் ஊதிக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "பயமா இருக்கு தங்கச்சி. மூணு நாளாத் தூக்கமே இல்ல. முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்துட்டேன். கடைசியில திருட்டுப் பட்டம் கட்டி உள்ள போட்டுட்டாங்கன்னா, பொண்டாட்டி பிள்ளைங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அம்சவல்லிக்கு அதற்கு மேல் கிண்டல் வரவில்லை. பாவமாக இருந்தது. ஒரு துண்டுத் தாளில் லாயரம்மாவின் நம்பரை எழுதி நீட்டினாள்.

"தப்புப் பண்ணாதவங்களுக்கும் லாயர் வேணும்ணே. இன்னிக்கே பேசுங்க. இப்ப இன்னொரு தடவை பாப்போம்." மறுபடியும் மேசையைத் தட்டினாள். "மெஷின் எங்கய்யா?"

சிவசாமியின் முழங்கால் எழப் பார்த்தது. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "என்னை... என்னை அரெஸ்ட் பண்றீங்களா சார்? அப்படின்னா காரணத்தைச் சொல்லுங்க. என் லாயர் வந்தப்புறம் பேசுறேன்."

முதல் வார்த்தையில் தடுமாறத்தான் செய்தார். ஆனாலும் சொல்ல வேண்டியது முழுசாக வெளியே வந்துவிட்டது.

"தேறிட்டீங்கண்ணே" என்றாள் அம்சவல்லி.

அப்போது முன்கதவு திறந்தது. அவள் புருஷன் தங்கையா பிரிஞ்சாங் டவுனிலிருந்து காய்கறிப் பையோடு உள்ளே வந்தான். சிவசாமியைப் பார்த்ததும் அப்படியே நின்றான். பையை வைத்துவிட்டு உள் அறைக்குப் போனான். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு துண்டும் அம்சவல்லியின் கம்பளிச் சுவெட்டரும் இருந்தன.

"இன்னிக்கு இவ டவுனுக்கே போகலைங்க" என்று சிவசாமியைப் பார்த்துக் கும்பிட்டான். "வேலை முடிஞ்சதும் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியை இடுப்புல செருகிக்கிட்டே பஸ் ஏறுற பழக்கத்தையும் விட்டுட்டா. அப்படியும் கூட்டிட்டுத்தான் போவீங்கன்னா, இந்தச் சுவெட்டரையாவது போட்டுக்க விடுங்க சார்ஜன். போன மூணு தடவை நீங்க புடிச்சிட்டுப் போனப்பவும் உங்க லாக்கப்புல குளுருல வெறச்சுப் போயிட்டா."

அம்சவல்லி சுவெட்டரை வாங்கிப் போலீஸ் சார்ஜன் சிவசாமியின் மடியில் வைத்தாள்.

"இந்தத் தடவை இவருக்குத்தாங்க வேணும்."