எப்சிக்குப் படர்தாமரை

“எனக்குப் படர்தாமரை வந்திருக்கு.”

நவம்பர் முதல் வாரம், கொயர் பிராக்டீஸ் நடுவில் எழுந்து நின்று எப்சி இப்படிச் சொன்னதும் கீபோர்டு சட்டென்று நின்றது.

சேலையூரில் சின்ன சர்ச். பாட்டுக் குழுவில் பன்னிரண்டு பேர். பொது அலமாரியில் பன்னிரண்டு வெள்ளை அங்கிகள். ஞாயிற்றுக்கிழமை கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு பாடுவார்கள். ஆராதனை முடிந்ததும் வியர்வையோடு மடித்து உள்ளே திணிப்பார்கள். துவைப்பது எப்போதாவது.

“நான் போட்ட அங்கியை நீங்களும் போட்டிருப்பீங்க. அதனால எல்லாத்தையும் வெந்நீர்ல துவைச்சு நல்ல வெயில்ல காயப்போடணும். இனிமே அவங்கவங்களுக்குத் தனி அங்கி. யாருக்காவது அரிப்பு இருந்தா குரோம்பேட்டையில ஞானையான்னு ஒரு ஸ்கின் டாக்டர் இருக்கார். போய்ப் பாருங்க. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.”

எப்சிக்கு இருபத்து நாலு வயது. லேப் டெக்னீஷியன். ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்பதுபோல அத்தனை சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்த ரத்தினபாய் டீச்சர் தன் நாற்காலியை இரண்டடி நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

“ச்சீ! இதையெல்லாமா நாலு பேர் முன்னாடி சொல்லுவாங்க? ஒழுங்கா குளிக்கிறாளா இல்லையா?” என்று மறுபக்கம் இருந்த நிஷாவின் காதில் கிசுகிசுத்தார்.

“அதானே!” என்றாள் நிஷா.

பிராக்டீஸ் முடிந்ததும் டீச்சர் நேராகக் கீபோர்டு வாசிக்கும் குழுத் தலைவர் எலியேசரிடம் போனார்.

“சார், கிறிஸ்துமஸ் முடியற வரைக்கும் எப்சி பாட வேணாம். எல்லாருக்கும் ஒட்டிக்கும்.”

“அவ குரல் இல்லாம எப்படி டீச்சர்?”

“அப்போ தள்ளி நிக்கட்டும்.”

எப்சி இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“சரி டீச்சர், நான் ஜன்னலோரம் நிக்கிறேன். காத்தும் நல்லா வரும்” என்று சிரித்தாள்.

அன்று வீட்டுக்குப் போன டீச்சர், பாத்ரூம் கதவைத் தாழ்போட்டுவிட்டு இடுப்பைப் பார்த்தார். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் வட்ட வட்டமாக நாலு.

ஆகஸ்டிலிருந்தே இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கின கிரீமைப் போட்டால் நாலு நாள் அடங்கும். பிறகு இரண்டு மடங்காய்க் கிளம்பும். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சுத்தம் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பவர், இதை யாரிடம் போய்ச் சொல்வது?

‘இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.’ அந்தப் பெண்ணின் குரல் காதை விட்டுப் போகவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் முந்தானையைத் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு குரோம்பேட்டைக்கு ரயில் ஏறினார்.

கிளினிக்கில் ஒருத்தர் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்து வைத்திருந்தார். விரல்களைப் பார்த்ததுமே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. கீபோர்டு விரல்கள்.

“எலியேசர் சார், நீங்களா?”

“அது... முடி கொட்டுது டீச்சர்.”

சாருக்குக் கொட்டுவதற்கு முடியே கிடையாது.

“நீங்க?”

“எனக்கா? முகத்துல... பரு.”

டீச்சருக்கு ஐம்பத்தொன்று.

அதற்குள் ரிசப்ஷனில் பெயர் கூப்பிட்டார்கள். “நிஷா! டோக்கன் ஏழு!”

மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த துப்பட்டா மெல்லத் திரும்பியது.

“நான் சும்மா ஒருத்தங்களுக்குத் துணைக்கு வந்தேன் டீச்சர்.”

“யாருக்கு?”

நிஷா சுற்றும் முற்றும் பார்த்தாள். துணைக்குக் காட்ட யாரும் அகப்படவில்லை.

முதலில் சிரித்தது எலியேசர் சார்தான். அடுத்து டீச்சர். சிரித்துச் சிரித்து மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்ஸ் வந்து “ஷ்ஷ்!” என்ற பிறகும் அடங்கவில்லை.

உள்ளே டாக்டர் ஞானையா சிரிக்கவில்லை. டீச்சர் நீட்டிய கிரீம் டியூபை வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார்.

“இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா. அரிப்பு அடங்கும், உள்ள பூஞ்சை கொழுக்கும். முன்னெல்லாம் ரெண்டு வாரத்துல போன வியாதி, இப்ப மாசக்கணக்குல இழுக்குது. வர்றவங்களும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கிட்டே இருக்காங்க. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீங்க. வீட்டுல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்க.”

டிசம்பர் பிறந்தது. பெயர் தைத்த புது அங்கிகளோடு கேரல் ரவுண்ட்ஸ் தெருத்தெருவாகப் போனது. மாசக்கணக்காகப் பாட்டுக்கு நடுவே முதுகையும் இடுப்பையும் நெளித்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது கையை வீசித் தாளம் போட்டார்கள். வீட்டுக்கு வீடு கேக் கிடைத்தது.

எப்சி மட்டும் எல்லாரையும் விட்டுத் தள்ளியே நின்று, எல்லாரையும்விட உரக்கப் பாடினாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு டீச்சர் டாக்டரிடம் கடைசியாகக் காட்டப் போனார்.

“சுத்தமா போயிடுச்சும்மா. சந்தோஷமா பாடுங்க.”

“தேங்க்ஸ் டாக்டர். எங்க எப்சிக்கும் குணமாயிடுச்சா? பாவம், இன்னும் தள்ளியே நிக்கிறா. நான்தான் நிக்க வெச்சேன். அன்னைக்கு அவ தைரியமா சொல்லலேன்னா நாங்க யாருமே இங்க வந்திருக்க மாட்டோம். பண்டிகை அன்னைக்கு அவளை என் பக்கத்துல நிறுத்திக்கணும்.”

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார்.

“எப்சியா? ‘எங்க கொயர்ல பாதிப் பேர் சொறிஞ்சுக்கிட்டே இருக்காங்க, வெட்கப்பட்டு ஒருத்தரும் டாக்டர்கிட்ட போகல, என்ன பண்ணலாம்?’னு அக்டோபர்லயே வந்து கேட்டவங்களாச்சே. அப்பவே தன்னையும் செக் பண்ணிக்கிட்டாங்க.”

“அப்போ அவளுக்கு...?”

“உங்க கொயர்லேருந்து இதுவரைக்கும் ஒன்பது பேரைப் பார்த்துட்டேன். படர்தாமரை இல்லாத ஒரே ஆளு அந்தப் பொண்ணுதாம்மா!”