இருபத்து மூன்று குறைகள்

பொறாமை கண்ணை மறைக்கும் என்று பரவலாக நம்பப்படுகிறது. பெரும் பிழை, உடனடியாகத் திருத்தப்பட வேண்டியது. பொறாமைக்காரனைப் போல எழுத்தெண்ணிப் படிக்கிறவன் இந்த உலகத்தில் கிடையாது. காதலனே இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி விட்டுவிடுவான்.

‘நிரந்தரம்’ அந்தக் கட்டுரையை நான்கு முறை படித்தான்.

பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பிழைகளைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக் குழுவில் அவனுக்கு அதுதான் பெயர். ஆறாவது வருடம். கூடச் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிப் போய், ஒருவனுக்குக் குழந்தைகூடப் பிறந்துவிட்டது. இவனுக்கு இன்னும் ஒரே ஒரு கட்டுரை மாநாட்டில் ஏற்கப்பட வேண்டும். ஏற்றால் முனைவர். இல்லாவிட்டால் ஜூன் மாதத்தோடு மேசையைக் காலி செய்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அவன் படித்த கட்டுரை ‘ராக்கெட்’ எழுதியது. வந்து இரண்டே வருடம், அதற்குள் இரண்டு கட்டுரைகள், ஜன்னலோர மேசை. அவள் சொல்லும் சுமாரான ஜோக்குக்கும் பேராசிரியை விழுந்து விழுந்து சிரிப்பார். நிரந்தரம் சொன்னால், “சரி, அடுத்து?” என்பார்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்புமுன் இன்னொருவர் படித்து, அதன் குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும்.

“அவங்கவங்க தப்பு அவங்கவங்களுக்கே தெரிஞ்சா நம்ம துறையே தேவையில்லையே” என்பார் பேராசிரியை.

இந்த முறை சீட்டுக் குலுக்கியதில் இவன் கட்டுரை அவளுக்கும், அவள் கட்டுரை இவனுக்கும் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவன் பட்டியல் குழுவில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. இருபத்து மூன்று குறைகள். எண் போட்டு.

‘சோதித்த நாற்பது புரோகிராம்களில் ஆறு, ஒன்றின் நகல்களே. பெயர் மட்டும் வேறு.’

‘கருத்துக் கேட்ட பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் உன் தோழிகள்.’

‘மூன்றாம் வரைபடம் பூஜ்யத்தில் தொடங்கவில்லை. தொடங்கினால் உன் மலை மேடாகிவிடும்.’

ராக்கெட் கடைசி வரை படித்தாள். கண் சிவக்க எழுந்து வெளியே போனாள்.

“டேய், மனுஷனாடா நீ?” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

“அதுல தப்பா ஒண்ணு காட்டு. எடுத்துடறேன்.”

“தப்பு ஒண்ணும் இல்லடா. எல்லாம் வயித்தெரிச்சல்.”

பேராசிரியையும் கூப்பிட்டு அனுப்பினார். “குறை எழுதச் சொன்னேன்ப்பா. குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணச் சொல்லலை.”

மறுநாள் ராக்கெட்டின் பட்டியல் வந்தது. ஒரே வரி. ‘அருமையான கட்டுரை அண்ணா. குறை சொல்ல ஒன்றுமே இல்லை.’ அவன் கொடுத்திருந்த அச்சுப் பிரதியையும் சிரித்த முகமாக அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

“பார்த்துக்கோ. இதுக்குப் பேர்தான் மனசு” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

நிரந்தரத்துக்கு அதுவும் பொறுக்கவில்லை. நல்ல பெயரும் அவளுக்கேதானா? பிரதியைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் மேசை டிராயரில் போட்டுப் படாரென்று சாத்தினான். கட்டுரையை அப்படியே மாநாட்டுக்கு அனுப்பினான்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது.

அவளுடையது ஏற்கப்பட்டது. இருபத்து மூன்றில் இருபத்தொன்றை அவள் உட்கார்ந்து சரிசெய்திருந்தாள். ‘தன் குறைகளை இவ்வளவு நேர்மையாகப் பார்க்கும் ஆய்வு அரிது’ என்று நடுவர்கள் வியந்திருந்தார்கள்.

அவனுடையது திரும்பி வந்தது. காரணம் ஒன்றே ஒன்று. அவன் செய்த கருவி எந்தப் புரோகிராம்களை வைத்துப் பிழை கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டதோ, அவற்றில் பதினொன்றை அவன் சோதனையிலும் சேர்த்துவிட்டிருந்தான். ‘நடத்திய கணக்கையே பரீட்சையில் கேட்டால் யார்தான் தேறமாட்டார்கள்?’ என்று கேட்டிருந்தார் ஒரு நடுவர்.

அவன் டிராயரைத் திறந்து, பிரதியை எடுத்து, அந்த இடத்தைத் தேடினான். நான்காம் பக்கம். ஓரத்தில் பென்சிலால் எழுதி ரப்பரால் தேய்த்த தடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது படிக்க முடிந்தது.

‘அண்ணா, கத்துக்கொடுத்த புரோகிராமே சோதனையிலயும் இருக்கு. மொத்தம் பதினொண்ணு. அனுப்பறதுக்கு முன்னாடி கண்டிப்பா மாத்திடுங்க.’

பிரதியும் கையுமாக ஜன்னலோர மேசைக்குப் போனான்.

“இது உன் கையெழுத்துதானே?”

அவள் தலையாட்டினாள்.

“எப்ப எழுதினே?”

“திங்கட்கிழமை.”

“அப்புறம் ஏம்மா அழிச்சே?”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“செவ்வாய்க்கிழமை உங்க இருபத்து மூணு வந்துச்சுண்ணா.”

அவன் பிரதியோடு தன் மேசைக்குத் திரும்பி வந்தான்.

அன்று மாலை ராக்கெட் பேராசிரியையின் அறைக்குள் போனாள். அரை மணி நேரம் கதவு சாத்தியே இருந்தது. ஜூன் முடிவதற்குள் நிரந்தரத்துக்கு ஆறு மாதம் நீட்டிப்பு வந்தது.

அடுத்த மாநாட்டுக்குச் சீட்டுக் குலுக்குவதற்கு முன்பே குறை எழுதித் தரச் சொல்லி அவன் மேசையில் ஐந்து கட்டுரைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது ராக்கெட்டுடையது.