களிமண்ணில் நான்கு விரல்

ஜன்னல் வெயில் மேஜைமேல் கிடக்கிறது. பழைய மவுஸ்மேல் நான் அப்பிய களிமண்ணை, கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடம் போடுகிற அக்கா பிடித்திருக்கிறாள். அவள் பிடி பதிந்தால் போதும், அதே வடிவில் வலிக்காத மவுஸ் செய்துவிடலாம். "நல்லா அழுத்துக்கா, பூனைக்குட்டியையா புடிச்சிருக்க?" "அழுத்திட்டுத்தான்டா இருக்கேன், பெரிய விஞ்ஞானி!" கையை எடுக்கிறாள். நான்கு விரல்களுக்குக் குழி விழுந்திருக்கிறது. ஆள்காட்டி விரல் இருந்த இடம் மட்டும் வழவழவென்று அப்படியே இருக்கிறது. நாளெல்லாம் கிளிக் செய்த விரல் அதுதான். ஆறு மாதமாக அவள் "விரல் வலிக்குதுடா" என்றபோதெல்லாம், "மவுஸ் புடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று சிரித்தவன் நான். "சரியா வந்திருக்காடா? திங்கக்கிழமை நான் வேலைக்குப் போயே ஆகணும்." குழி விழாத அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறேன். அவள் மறுபடியும் கையை வைத்து, அந்த விரலை இடது கையால் பிடித்து அழுத்துகிறாள்.