தண்ணீர் குடிக்காத கிளார்க்

"நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க சார். நம்ம பேங்கு ரகசியத்தையெல்லாம் நாச்சியம்மா வெளியில கொண்டு போய்ச் சொல்லிட்டு இருக்குதுங்க!"

ஹெட்கிளார்க் அழகிரிசாமி சொன்னதைக் கேட்டு, செக்ரட்டரி ரங்கராஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

மலை அருவியிலிருந்து பைக்காரா கரண்டு வந்து ஆபீஸில் காற்றாடி சுற்றத் தொடங்கிய வருஷம் அது. நாளைக்கு டைரக்டர்கள் கூட்டம். லேடீஸ் செக்‌ஷனில் மூன்று வருஷமாக வேலை பார்க்கும் நாச்சியம்மாளைக் காஷியராக்கலாமா என்பதுதான் பேச்சு. ஒரு பொம்பளை பேங்கில் உட்கார்ந்ததற்கே கோயமுத்தூர் மூக்கில் விரல் வைத்தது. இரும்புப் பெட்டிச் சாவியையும் கையில் கொடுத்தால் கேட்கவா வேண்டும்!

"சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது அழகிரி."

"சும்மா இல்லீங்க. தெனமும் மத்தியானம் கமுக்கமா எந்திரிச்சுப் போயிருதுங்க. சோத்துத் தூக்குப்போசி மேசை மேலயே இருக்குது. சோறு திங்கப் போகலீன்னா வேற எதுக்குங்க போகோணும்?"

"எங்க போகுது?"

அழகிரிசாமி குரலைத் தாழ்த்தினார். "கோட்டைமேட்டுல, சீட்டுக் கம்பெனி ரசாக் பாய் ஊட்டுக்குங்க!"

ரங்கராஜுக்குச் சுருக்கென்றது. இந்த பேங்குக்கு ஊரில் போட்டி என்று இருப்பதே அந்த ரசாக் ஒருத்தர்தான்.

"இன்னொண்ணும் கேளுங்க. வந்த நாளா நம்ம ஆபீஸ்ல அது தண்ணி குடிச்சு நான் பாத்ததில்லை. மோர் வேண்டாம், காப்பி வேண்டாம். போன சித்திரையில மயங்கி உழுந்துச்சே, அப்பக்கூட உதட்டை நனைச்சுட்டு டம்ளரை வெச்சுருச்சு. ஏன்? நம்ம கைத்தண்ணி குடிச்சா அப்பறம் துரோகம் பண்ண மனசு வராதுங்களே!"

அடேயப்பா, என்ன மூளை! ரங்கராஜுக்கும் அது சரியென்றே பட்டது. உடனே நாச்சியம்மாளைக் கூப்பிட்டார்.

"ஏனம்மணி, மத்தியானத்துல எங்க போறே?"

அவள் முகம் சிவந்தது. அங்கே நின்ற அழகிரிசாமியை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொந்த வேலைங்க."

"என்ன சொந்த வேலை?"

"உங்ககிட்டச் சொல்ல முடியாதுங்க."

"அப்படின்னா காஷியர் வேலையை மறந்துரு. இருக்கிற வேலை நிக்குமான்னே யோசிக்கோணும்."

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நெஞ்சழுத்தம் என்றால் அப்படி ஒரு நெஞ்சழுத்தம்!

அன்று மத்தியானம் அவள் கிளம்பியதும் இருவரும் பின்னாலேயே போனார்கள். ஒரு கிளார்க்குப் பெண்ணை வேவு பார்க்க செக்ரட்டரியே நடந்து போவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ரங்கராஜ் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

நாச்சியம்மாள் நேராக ரசாக் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"பாத்தீங்களா, கதவைக்கூடத் தட்டலை!" அழகிரிசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து வாசலில் போய் எட்டிப் பார்த்தார்கள். முற்றத்தில் நின்றபடி ஒரு சொம்புத் தண்ணீரை அவள் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"அட! நம்ம மோர் ஆகாது, இந்த ஊட்டுத் தண்ணி மட்டும் இனிக்குதாக்கும்!" என்றார் அழகிரிசாமி.

ரங்கராஜால் பொறுக்க முடியவில்லை. "நாச்சியம்மா! எங்க சம்பளத்தை வாங்கிட்டு இங்க வந்து உளவு சொல்றியா?"

சொம்பு அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"உளவா?" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ரசாக்கின் மனைவி ரம்லா. "எங்க ஊட்டுக்காரர் காலைல கடைக்குப் போனா பொழுது உழுந்துதானுங்க வருவாரு. இந்தப் புள்ள யாருகிட்ட உளவு சொல்லும்? எங்கிட்டயா, கட்டியிருக்கிற ஆட்டுக்கிட்டயா?"

"அப்ப எதுக்கு வருது?"

"படிச்சவங்க நீங்க, இதைப் பொம்பளை வாயால சொல்ல வெக்கறீங்களே! உங்க பேங்குல ஆம்பளைங்களுக்கு மட்டுந்தானுங்க கக்கூஸ் இருக்குது. இது எங்க போகும்?"

ரங்கராஜ் குடையை மடக்கினார். ரம்லா விடவில்லை.

"அதுக்குப் பயந்துட்டுத்தான் அங்க தண்ணியே குடிக்கறதில்லை. பக்கத்துலயே நாலு ஊட்டுல கேட்டுப் பாத்துச்சாம். உத்தியோகம் போற பொம்பளையை உள்ள உட மாட்டோம்னுட்டாங்களாம். நாந்தான், வா கண்ணுன்னு சொன்னேன்."

ரங்கராஜுக்கு நாச்சியம்மாளை ஏறிட்டுப் பார்க்கவே கூசியது. பாவம், மூன்று வருஷம்! கோடை வெயிலில்கூட நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்கிட்டச் சொல்லக் கூச்சமா இருந்தா, ஆபீஸ்ல வேற யாருகிட்டயாச்சும் சாடையாச் சொல்லியிருக்கலாமே அம்மணி. அப்பவே ஒண்ணு கட்டச் சொல்லியிருப்பேனே!"

"வேலைக்குச் சேர்ந்த மறுநாளே கேட்டுப்போட்டேனுங்க. 'அதெல்லாம் கட்டிக் குடுத்தா நீ இங்கியே தங்கிருவே. இல்லாட்டித்தான் தானாப் போவே'ன்னு சொல்லிப்போட்டாங்க."

"யாரு அப்படிச் சொன்னது?"

நாச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னைக்கு உங்களை இங்க கூட்டிட்டு வந்தவருதானுங்க."