மூன்றாவது முறை

கோர்ட் வராந்தாவில் டோயினா காத்திருந்தாள். கணவர் வக்கீலோடு உள்ளே இருந்தார்.

"பெத்தவ இத்தாலிக்குப் போயி ஆறு வருஷமா ஒரு போன்கூட இல்லைக்கா. இன்னிக்கும் வரலைன்னா அவ உரிமை போயிடும், நான் வளர்க்கிற ஸ்மாரண்டா என் பொண்ணாயிடுவா" என்றாள், பக்கத்தில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தவளிடம். "வந்துடுவாளோன்னு பயமா இருக்கு."

"வர மாட்டா."

டவாலி வாசலில் நின்று பெற்றவளின் பெயரைக் கத்தினான்.

"நிகுலீனா முந்தியான்!"

டோயினா அந்தப் பெண்ணின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது முறை. மூன்றாவது முறை. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்பாடா! சாயங்காலம் பொண்ணுக்குக் கொசொனாக் கேக் வாங்கித் தரணும்."

அந்தப் பெண் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"வால்நட் போடாததா வாங்கும்மா. அவளுக்கு மூச்சு முட்டும்."

டோயினா அதை யாரிடமும் சொன்னதில்லை.

முக்காடு படியிறங்கிப் போனது. டவாலி மூன்று முறை கத்திய பெயரை டோயினா மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.