கால் தவறி

‘தவறி’ என்ற சொல் பழைய செய்தித்தாள்களில் எப்படியெல்லாம் வருகிறது என்று ஆய்வுக்காகத் தேடிக்கொண்டிருந்தாள் மதுரவல்லி. ஆண்கள் ரயிலிலிருந்தும் மரத்திலிருந்தும் தவறி விழுந்திருந்தார்கள். பெண்கள் பெரும்பாலும் கிணற்றில். அந்தப் பெண்களில் அறுபத்தேழாவதாக அவளுடைய அம்மாவின் பெயர் இருந்தது. நூலக வாசலுக்கு வந்து அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“அம்மா செத்த சேதியைப் பேப்பருக்கு யாருப்பா குடுத்தது?”

“நான்தான். இப்ப எதுக்கு அது?”

“நம்ம கிணத்துச் சுவரு அம்மாவுக்கு நெஞ்சு உசரம் இருக்குமே. அதைத் தாண்டி எப்படிப்பா தவறி விழுந்தாங்க?”

“அப்பல்லாம் எல்லா வீட்லயும் அப்படித்தாம்மா எழுதிக் குடுப்பாங்க,” என்றார்.

மதுரவல்லி உள்ளே போய் மற்ற அறுபத்தாறு பெண்களையும் முதலிலிருந்து படித்தாள். பலருக்குப் பெயர்கூடப் போட்டிருக்கவில்லை. இன்னாரின் மனைவி என்று மட்டும் இருந்தது.