கிணறு கேட்ட ஹிந்தி

அந்தமானின் ரங்கத் ஊரில் ரோடு வேலை செய்பவர்களின் குடியிருப்புக்குக் கிணறு இல்லை. பெண்கள் இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்கள். மெயின்லேண்டிலிருந்து புது ஆபீசர் பார்வையிட வருகிறார் என்றதும், அவரிடம் பேசும் பொறுப்பு அங்கே மண் வெட்டும் வியாகுலத்தின் தலையில் விழுந்தது.

"ஆபீசர்னா ஹிந்திதான். தமிழ்ல உளறி மானத்த வாங்கிறாதீக," என்றாள் மனைவி கிரேசி.

கூட வேலை பார்த்த வங்காளி ஹிந்தி சொல்லிக்கொடுக்க, வியாகுலம் ஒரு மாதம் பேசிப் பழகினான். மண் வெட்டும்போதும் அதே பேச்சு, சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"கொழம்பு ஊத்தவான்னு கேட்டா, எனக்கே சலாம் வைக்கிறீகளே!" என்று கிரேசி சிரித்தாள்.

ஆபீசர் வந்தார். வியாகுலம் நெஞ்சை நிமிர்த்தி, மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டினான். ஆபீசர் முகத்தில் ஈயாடவில்லை. "அச்சா, அச்சா" என்றபடி கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'கிணறு போச்சு' என்று வியாகுலம் முடிவுகட்டினான்.

திடீரென்று அடித்த காற்றில் அந்தக் காகிதம் பறந்து அவன் காலடியில் விழுந்தது. போன வருஷம்தான் எழுத்துக்கூட்டப் பழகியவன், எடுத்ததும் வாய்விட்டே வாசித்தான்.

"பாயியோ... ஔர்... பெஹனோ..."

வார்த்தையெல்லாம் ஹிந்தி. எழுத்தெல்லாம் தமிழ்.

"சார்... நீங்க தமிழா?"

ஆபீசர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கும்பகோணம்ப்பா. இங்க கூலிக்காரங்களுக்கு ஹிந்திதான் புரியும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கப்பல்ல நாலு நாளும் இதத்தான் மனப்பாடம் பண்ணேன். அது கெடக்கட்டும், இவ்வளவு நேரம் நீ என்னதான்யா கேட்டே?"